பத்தாவது கேள்வி

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் பிரசவம் முடிந்து தாய்வீட்டுக்கு வந்து இறங்கினாள். ஆட்டோவிலிருந்து முதலில் பைகள் இறங்கின, அப்புறம் குழந்தை, கடைசியாக அவள். ஆரத்தி சுற்றிக் கொட்டுவதற்குள் என் அம்மா அவர்கள் வாசலுக்குப் போய் நின்று விசாரணையை முடித்துவிட்டாள். பையனா பொண்ணா, சுகப்பிரசவமா ஆபரேஷனா, எத்தனை கிலோ, பால் இறங்கிடுச்சா, யார் ஜாடை. ஐந்துக்கும் அந்தப் பெண்ணின் அம்மாதான் பதில் சொன்னார். அந்தப் பெண் காதில் பஞ்சும் தலையில் சுற்றிய துண்டுமாக ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்னால், கேட்க வேண்டிய கேள்வியை அச்சடித்துக் கையில் கொடுத்தும் கேட்காமல் விட்டவள் நான். அதுவும் கேட்காமல் விட்டதோடு போகவில்லை, பதிலையும் நானே எழுதினேன்.

என் தங்கை புதுச்சேரியில் லாஸ்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். நாங்கள் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். நடுவில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். முள்ளோடையில் மாநிலம் மாறும், சாராயத்தின் விலை மாறும், எங்களுக்கு அதெல்லாம் தெரு தாண்டுகிற மாதிரி. மருத்துவப் பரிசோதனை எல்லாம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்ததால் பிரசவமும் புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. ஆபரேஷன். ஐப்பசி அடைமழையில் பெண் குழந்தை. தலைச்சன் பிரசவம் என்பதால் வழக்கப்படி எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். நான் அதே தெருவின் கோடியில் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் வேலை. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவேன். அதனால் அவளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பச்சை உடம்பு

முதல் வாரம் முழுக்க அழுதாள். தொட்டதற்கெல்லாம் அழுகை. ரசத்தில் உப்பு குறைந்தால் அழுகை, மாப்பிள்ளை போனில் பேசிவிட்டு வைத்தால் அழுகை. ஆஸ்பத்திரியிலேயே ஒரு நர்ஸம்மா சொல்லி அனுப்பியிருந்தார்: மூணாம் நாள் நாலாம் நாள் வாக்கில் நிறையப் பேருக்கு இப்படி வரும், பயப்படாதீங்க, ரெண்டு வாரத்துல சரியாகிடும் என்று. அவர் சொன்னதில் தப்பில்லை. பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு அந்த அழுகை வருகிறது. கர்ப்ப காலத்தில் பல மடங்கு ஏறியிருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் நஞ்சுக்கொடி வெளியே வந்த சில நாட்களுக்குள் சரிந்து விழுகின்றன. உடம்பு தடுமாறுகிறது. தானாகவே நிலைக்கு வந்தும் விடுகிறது. என் தங்கைக்கும் பதினைந்து நாளில் அழுகை நின்றது. அப்பாடா என்று இருந்தது. அவள் அழுகிறாளா என்பதைத்தான் நாங்கள் எல்லோரும் கவனித்துக்கொண்டிருந்தோம். அது நின்றதும் கவனிப்பதையும் நிறுத்திவிட்டோம்.

அதற்குப் பிறகு அவள் செய்ததை எல்லாம் நாங்கள் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டோம். குழந்தை எத்தனை மணிக்குப் பால் குடித்தது, எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் என்று போனில் குறித்துவைப்பாள். ராத்திரி குழந்தை தூங்கினாலும் அவள் தூங்க மாட்டாள். தூளிக்குள் விரலை நீட்டி மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். மறுபடி படுப்பாள், மறுபடி எழுந்து பார்ப்பாள். "தாயாயிட்டா தூக்கம் போயிடும்டி" என்று அம்மா பெருமையாகத்தான் சொன்னாள். மழையில் துணி காயாமல், கரி அடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் குழந்தைத் துணியைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தோம். வீடு முழுக்கச் சாம்பிராணியும் ஈரத்துணியும் சேர்ந்த ஒரு வாசனை. அதற்குள் அவள் ஒரு ஓரமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் திரும்புவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். மாடியிலிருந்து துணி எடுத்து வரச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்பாள். தையல் வலிக்கிறது போல என்று விட்டுவிட்டோம்.

எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்பார்கள். எவ்வளவு அழகான சொல் என்று முன்பெல்லாம் நினைப்பேன். அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை பத்தியம், இத்தனை காவல். பூண்டைக் கிலோ கணக்கில் உரித்து வதக்கிப் போட்டாள் அம்மா. பால் ஊற வேண்டும் என்று முதுநகர் துறைமுகத்துக்கு ஆள் அனுப்பிப் பால்சுறா வாங்கிவரச் சொல்லிப் புட்டு செய்தாள். லேகியம், வயிற்றில் கட்ட வேட்டித் துணி, காற்று படாமல் காதுக்குப் பஞ்சு. எதையும் நான் கேலி செய்யவில்லை. அந்தக் கவனிப்பு இல்லாத பெண்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் பச்சை உடம்பு என்ற ஒரு சொல் போதும், அவளுக்கு நடப்பது எல்லாவற்றையும் அதற்குள் போட்டு மூடிவிடலாம். தூங்கவில்லையா, பச்சை உடம்பு. சாப்பிடப் பிடிக்கவில்லையா, பச்சை உடம்பு. பேசவில்லையா, ரத்தம் போன உடம்பு, அசதியாக இருக்கும்.

வருகிறவர்களும் சளைத்தவர்கள் இல்லை. பிள்ளை பார்க்க வந்த ஒரு பெரியம்மா, "மொதல்ல லட்சுமி வந்துட்டா, அடுத்தது சிங்கக்குட்டியாப் பெத்துடு" என்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். ஆசீர்வாதம்தான். வேலூர்ப் பக்கம் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பார்த்துச் செய்த ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. 359 பெண்கள். நூற்றுக்குப் பதினொரு பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு புதிதாக வந்திருந்தது. காரணங்களில் வறுமை இருந்தது, மகனை எதிர்பார்த்த இடத்தில் மகள் பிறந்தது இருந்தது, மாமியாரோடு ஒத்துப்போகாதது இருந்தது. இதெல்லாம் நாம் சீரியலிலேயே பார்க்கிற சங்கதி. என்னை உறுத்தியது அந்த வரிசையில் இருந்த இன்னொன்று. பெற்றவர்களோடு உள்ள உரசலும் ஒரு காரணமாக இருந்தது. தாய்வீட்டில் விட்டால் போதும், தானாகத் தேறிவிடுவாள் என்று நம்புகிறவர்கள் அந்த வரியைப் படிக்க வேண்டும். நான் படித்தது காலம் கடந்துதான்.

தாள்

கார்த்திகைக் கடைசியில் ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் புதுச்சேரி போனோம். தங்கை, குழந்தை, அம்மா, நான். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். குழந்தையை எடை போட்டார்கள், நீளம் பார்த்தார்கள், தலைச்சுற்றளவு எடுத்தார்கள், எல்லாவற்றையும் அட்டையில் எழுதினார்கள். தங்கையின் தையலை டாக்டர் பார்த்தார். ஆறியிருந்தது. வெளியே வந்து காத்திருந்தபோது பயிற்சியில் இருக்கும் ஒரு சின்னப் பெண் ஆளுக்கொரு தாள் கொடுத்துக்கொண்டே போனாள். பலமுறை ஜெராக்ஸ் எடுத்து எழுத்து கலங்கிப்போன தாள். "இத ஃபில் பண்ணிக் குடுங்க" என்றாள், அவ்வளவுதான். தங்கையின் மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. தாள் என் கைக்கு வந்தது. பெஞ்சில் ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அம்மா, எதிர் பெஞ்சில் முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில் இன்னொரு குடும்பம்.

பத்துக் கேள்விகள். கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்பதுதான் மொத்தமும். சிரிக்க முடிந்ததா, வரப்போவதை நினைத்துச் சந்தோஷப்பட முடிந்ததா, தப்பு நடந்தால் தேவையில்லாமல் உங்களையே நொந்துகொண்டீர்களா, காரணமில்லாமல் பதறினீர்களா, பயந்தீர்களா. நான் ஒவ்வொன்றாகப் படித்தேன், பள்ளிக்கூடத்தில் வினாத்தாள் வாசிக்கும் குரலில். முதல் கேள்விக்கு அவள் என்னைப் பார்த்தாள். "நீயே போடுக்கா" என்றாள். நான் போட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்திருந்தபோது சிரித்தாளே என்று நினைவுபடுத்திக்கொண்டு போட்டேன். அழுதீர்களா என்ற ஒன்பதாவதுக்குத் தயங்கவே இல்லை. அழுகைதான் நின்று ஒரு மாதம் ஆகிறதே. பத்தாவதைப் பார்த்தேன். என்னை நானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வந்தது என்று இருந்தது. அடிக்கடி, சில சமயம், எப்போதாவது, ஒருபோதும் இல்லை. பச்சை உடம்புக்காரியை, மடியில் பிள்ளையோடு உட்கார வைத்துக்கொண்டு இதைக் கேட்பார்களா என்று கோபம்தான் வந்தது. அம்மா காதில் விழுந்தால் அங்கேயே திருஷ்டி கழிக்கச் சொல்வாள். கடைசிக் கட்டத்தில் டிக் போட்டுத் தாளைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் கூட்டிப் பார்த்தாள். 6. மற்ற தாள்களோடு சேர்த்து வைத்துவிட்டு அடுத்தவரிடம் போனாள். கேன்டீனில் டீ குடித்துவிட்டுப் பஸ் ஏறினோம்.

அந்தத் தாளைப் பற்றிப் பின்னால் நிறையத் தேடிப் படித்தேன். எடின்பரோ அளவுகோல் என்று பெயர். ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸ் என்ற மனநல மருத்துவரும் இன்னும் இருவரும் சேர்ந்து 1987இல் வெளியிட்டது. அதற்கு முன்பு இருந்த மனச்சோர்வுக் கேள்வித்தாள்களில் தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, அசதியா, எடை குறைந்ததா என்று உடம்பைப் பற்றிய கேள்விகளும் கலந்திருந்தன. பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்குத்தான் தூக்கம் இருக்கிறது? யாரைக் கேட்டாலும் ஆமாம் என்பாள். சுகமாக இருப்பவளையும் தவிப்பவளையும் அதை வைத்துப் பிரிக்க முடியாது. அதனால்தான் உடம்பைப் பற்றிய கேள்விகளைத் தள்ளிவிட்டு மனதைப் பற்றி மட்டும் கேட்கிற மாதிரி இதை அமைத்தார்கள். தூக்கத்தைப் பற்றிக் கேட்கும் ஒரே கேள்வியும், வருத்தத்தால் தூக்கம் போனதா என்றுதான் கேட்கிறது. இதைப் படித்தபோது எங்கள் வீட்டுப் பூண்டுக் குழம்பின் வாசனை நினைவுக்கு வந்தது. நாங்கள் அதற்கு முந்தைய கேள்வித்தாளைத்தான் கையில் வைத்துக்கொண்டிருந்தோம்.

ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 30. 13ஐத் தொட்டால் விசாரிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சில ஊர்களில் அதைவிடக் குறைத்தே வைத்துக்கொள்கிறார்கள். கூட்டுத்தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பத்தாவது கேள்விக்குப் பூஜ்யத்தைத் தவிர வேறு பதில் வந்தால் அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டும். அது வியாதியைச் சொல்லும் சோதனை கிடையாது. பேச்சைத் தொடங்கி வைக்கும் ஒரு தாள். அதைச் சந்தைக் கூட்டத்தில், அம்மாவும் அக்காவும் இரண்டு பக்கமும் காவல் இருக்க, கொடுத்து வாங்கினால் யாருக்கும் 6தான் வரும். அந்தப் பயிற்சிப் பெண்ணை நான் திட்டவில்லை. அன்றைக்கு அவள் கையில் நாற்பது தாளாவது இருந்திருக்கும்.

மாசி மகம்

எங்கள் ஊரில் மாசி மகத்தன்று சுற்றுவட்டாரத்துச் சாமி எல்லாம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். விடியற்காலையிலிருந்தே டிராக்டரில் மேளம் கேட்க ஆரம்பித்துவிடும். அந்த வருடமும் அம்மா, அப்பா, என் பிள்ளைகள், வீட்டுக்காரர் எல்லோரும் கிளம்பினார்கள். கைக்குழந்தையைக் கூட்டத்துக்குள் கொண்டுபோக வேண்டாம் என்று தங்கை வீட்டில் இருந்தாள், துணைக்கு நான். ஐந்தாவது மாதம் அவளை லாஸ்பேட்டைக்கு அனுப்புவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. குழந்தை தூளியில் தூங்கியது. நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. நான்கு மாதத்தில் அதுதான் முதல் தடவை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்திருக்கிறது.

"அக்கா, அன்னைக்கு ஆஸ்பத்திரில ஒரு தாள் குடுத்தாங்களே, அதுல கடைசிக் கேள்விக்கு என்னா போட்ட?"

எந்தத் தாள் என்று கேட்டேன். எந்தத் தாள் என்று எனக்குத் தெரியும்.

"பத்தாவது. நீ அத மட்டும் படிச்சுக் காட்டல."

"இல்லன்னுதான் போட்டேன்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. தூளிக் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். "நீ படிச்சிருந்தா சொல்லிருப்பனான்னு தெரியல. அம்மா வேற பக்கத்துல இருந்தாங்க. ஆனா படிப்பன்னு நெனச்சேன்."

இந்த இடத்தில் நான் சொன்னதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. "உனக்கு என்னாடி கொறச்சல்? தங்கமாட்டம் புள்ள, தாங்குற மாப்பிள்ளை, அம்மா ஒரு வேல செய்ய விடறதில்ல" என்றேன். பயத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் அதட்டலாகத்தான் வந்தது. அவள் கோபப்படவில்லை. "அதான்க்கா. ஒரு கொறையும் இல்லன்னு எனக்கே தெரியுது. அதனாலதான் யார்கிட்டயும் சொல்ல முடியல" என்றாள். அப்புறம் அவளாகவே சொன்னாள். பிள்ளையைப் பார்த்தால், யாரோ பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் பிடிங்க என்று கொடுத்துவிட்டுப் போன பிள்ளை மாதிரி இருக்கிறதாம். பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற பதற்றம் மட்டும்தான் இருக்கிறதாம். அதனால்தான் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாளாம். மாடிக்கு ஏன் போகவில்லை என்பதையும் சொன்னாள். தனக்குத் தானே பயந்து, மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும் தன்னை அந்தப் படிக்கட்டிலிருந்து தள்ளியே வைத்திருந்திருக்கிறாள். நாங்கள் அதைத் தையல் வலி என்று நினைத்திருந்தோம்.

இது பிரசவத்துக்குப் பிறகு வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள். வளைகாப்பு அன்றைக்கே கண்ணாடி வளையல் சத்தம் எரிச்சலாக இருந்ததாம். அன்றைக்கு எடுத்த போட்டோவில் அவள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள், எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. பின்னால் டாக்டர் சொன்னதும் இதுதான். பிரசவத்துக்குப் பின் கண்டுபிடிக்கப்படும் மனச்சோர்வில் ஏறக்குறைய பாதி, வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே தொடங்கியிருக்கும். மனநல மருத்துவர்கள் உலகம் முழுக்க வைத்துக்கொள்ளும் அமெரிக்கக் கையேட்டில் பிரசவத்துக்குப் பிந்தையது என்று மட்டும் எழுதியிருந்ததை 2013இல்தான் கர்ப்ப காலத்தையும் சேர்த்து மாற்றினார்கள். மசக்கை என்று நாம் தாண்டிப்போகிற மாதங்கள் அவை.

அம்மா திரும்பி வருவதற்குள் அவளிடம் இன்னொன்றும் வந்தது. "சொன்னா புள்ளையப் புடுங்கிடுவாங்கக்கா. பைத்தியம்னு எழுதிடுவாங்க." நிறையப் பெண்கள் வாய் திறக்காததற்கு இதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல நிலையத்தில் சேர்ந்து சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. அப்படித் தாயையும் பிள்ளையையும் சேர்த்தே வைத்துப் பார்க்கப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் தனிப் பிரிவே இருக்கிறது. அன்றைக்கு இது ஒன்றும் எனக்குத் தெரியாது. "யாரும் புடுங்க மாட்டாங்க" என்று சும்மா சொல்லிவைத்தேன்.

அக்கா கொஞ்சம் வெளியே இருங்க

அன்று ராத்திரியே 14416க்குப் போன் போட்டேன். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, தமிழிலேயே பேசினார்கள். பெரிய ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. அவள் இப்போது தனியாக இருக்கிறாளா, தூங்கினாளா, யாருக்கும் கேட்காத ஏதாவது குரல் கேட்கிறது என்கிறாளா, குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதாவது நம்புகிறாளா என்று வரிசையாகக் கேட்டார்கள். கடைசி இரண்டும் ஏன் என்று அப்போது புரியவில்லை. அம்மாவிடம் சொன்னபோது புரிந்தது. பண்ருட்டிப் பக்கம் தன் ஊரில் ஒருத்தி பிள்ளை பெற்ற பத்தாம் நாள் ஜன்னி கண்டு, இது என் பிள்ளையே இல்லை என்று கத்தியதையும், மந்திரிக்கக் கூட்டிப்போனதையும் அம்மா அன்றுதான் சொன்னாள். அது வேறு வியாதி. ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், ஒரு நாளும் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது. நம் பாட்டிமார்களுக்கு அதற்குப் பெயர் தெரிந்திருந்தது, ஏனென்றால் அது தெரு முழுக்கக் கேட்கும். என் தங்கைக்கு வந்தது சத்தம் போடாத ஜாதி. அதற்குத்தான் நம்மிடம் சொல் இல்லை. மன அழுத்தம் என்கிறோம். பிளஸ் டூ பிள்ளைக்கும் மன அழுத்தம், லோன் கட்டுகிறவனுக்கும் மன அழுத்தம். சோர்வு என்றால் ஹார்லிக்ஸ் கொடுக்கிறோம்.

மறுநாள் மனநல மருத்துவரிடம் போனோம். நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு நிமிடம் கேட்டார். "அக்கா கொஞ்சம் வெளியே இருங்க" என்றார். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. குழந்தையோடு வராண்டாவில் நடந்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. கதவு திறந்தபோது அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. ஆனால் தோள் இறங்கியிருந்தது. நான்கு மாதமாக அந்தத் தோள் காதுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது, நான் பார்த்தும் பார்க்கவில்லை.

பத்தாவது கேள்வியைப் பற்றி டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுமோ என்று பயந்தேன் என்றேன். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, கேட்டால் பாரம்தான் குறைகிறது என்றார். முதலில் ரத்தப் பரிசோதனை எழுதினார். ரத்தசோகையும், பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு கோளாறும் இதே மாதிரி வேஷம் போடுமாம். ஹீமோகுளோபின் குறைவாகத்தான் இருந்தது, தைராய்டு சரியாக இருந்தது. அப்புறம் மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரை. பால் கொடுக்கிறாளே என்று அம்மா பதறினாள். தாய்ப்பாலுக்குள் போகும் அளவு மிகக் குறைவு, பால் கொடுப்பதை நிறுத்தவே வேண்டாம் என்று அம்மாவைத் தனியாக உட்காரவைத்து டாக்டர் விளக்கினார். பலன் தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். வாரம் ஒருமுறை வந்து பேச வேண்டும் என்றார். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை அப்பா வைத்துக்கொள்ளட்டும், கொஞ்ச நாளைக்குத் தங்கையைத் தனியாக விட வேண்டாம் என்றார். கடைசியாக, தினமும் ராத்திரி தொடர்ந்து ஐந்து மணி நேரம் அவள் தூங்க வேண்டும், அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். மருந்துச் சீட்டிலேயே அதையும் எழுதினார்.

மாப்பிள்ளை நல்ல பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழமும் டயப்பரும் வாங்கிக்கொண்டு வந்து, குழந்தையை அரை மணி நேரம் மடியில் வைத்திருந்துவிட்டுச் சாப்பிட்டுக் கிளம்புவார். நாங்களும் அவரை விருந்தாளியாகத்தான் நடத்தினோம். விஷயத்தைச் சொன்னபோது, "அக்கா, என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார். யாரும் யாரிடமும் சொல்லவில்லை தம்பி என்றேன். அடுத்த நாளே பையோடு வந்துவிட்டார். பத்து மணிக்குத் தங்கையைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டுக் குழந்தையோடு ஹாலில் அவர் படுத்தார். பிழிந்து வைத்த பாலைச் சங்கடையில் புகட்டக் கற்றுக்கொண்டார். பிள்ளை பெற்ற வீட்டில் மருமகன் டேரா போட்டால் ஊர் என்ன பேசும் என்று அம்மா ஒரு வாரம் முணுமுணுத்தாள். ஊர் பேசத்தான் செய்தது.

சினிமாவில் வருகிற மாதிரி ஒரு நாள் காலையில் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு வாரம் நன்றாக இருப்பாள், மறுவாரம் பழையபடி சுவரைப் பார்ப்பாள். சித்திரை வெயிலில் ஒரு தடவை மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடித்தாள். மாத்திரையை நிறுத்த மொத்தத்தில் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, அதுவும் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை, இருபதாயிரத்துச் சொச்சம் தாய்மார்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2017இல் ஒரு கணக்கு வந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு நூற்றுக்கு 22 பேருக்கு. எங்கள் தெருவில் இந்த மூன்று வருடத்தில் ஒன்பது பிரசவம். இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டாலும், ஒருத்தி என் தங்கை. இன்னொருத்தி யார் என்று வாசலில் உட்கார்ந்து யோசிப்பேன்.

எதிர்வீட்டுக்கு நேற்று போயிருந்தேன். அந்தப் பெண்ணின் அம்மாவிடம், "எங்கம்மா புள்ளையத் தூக்கிப் பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, பத்து நிமிஷம் எடுத்துட்டுப் போய்க் காட்டிட்டு வாங்களேன்" என்று சொல்லி இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டேன். அப்புறம் எனக்கும் என்ன கேட்பது என்று தெரியவில்லை. நீ எப்படிம்மா இருக்க, உன்னத்தான் கேக்கறேன் என்றேன். நல்லாருக்கேன்க்கா என்றாள். சரி என்று கூடவே உட்கார்ந்திருந்தேன். நாளைக்கும் போகலாம் என்றிருக்கிறேன்.

இதை வெளியிடுவதற்கு முன்னால் தங்கைக்கு அனுப்பினேன். அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடுவதாக இருந்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. போட்டுக்கோ என்றாள். மாசி மகத்தன்று நான் உருவியது முருங்கைக்கீரை இல்லையாம், அகத்திக்கீரையாம். அப்புறம் இன்னொரு வரி இருந்தது. "ஒன்பதாவதும் தப்புக்கா. பாத்ரூம்ல குழாயத் தொறந்து விட்டுட்டு அழுவேன்."